வண்டிச் சக்கரமும் கேஸ் டர்பைனும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேஸ் டர்பைனின் வெளிக்கூட்டை, அதாவது கேசிங்கைக் குளிர வைப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "ஏப்பா, மதுரை வெயில்ல நம்மளைக் குளிர வைக்கவே வழியைக் காணோம், இதுல கேசிங் வேறயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பாடத்தை நான் முதலில் படித்தது கல்லூரியில் அல்ல, வண்டியூரில்.

நான் வண்டியூர்க்காரன். ஊர்ப் பேரிலேயே வண்டி இருக்கிறது. நான் பையனாக இருந்தபோது கண்மாய்க்குப் போகிற வழியில் ஒரு வண்டிப் பட்டறை இருந்தது. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிற நாளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கேதான் நிற்பேன். பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே அடித்து வைத்திருப்பார்கள். வறட்டியும் விறகும் அடுக்கிச் சூடேற்றினால் அது விரியும். 1.5 மீட்டர் குறுக்களவுள்ள பட்டை, 500 டிகிரி சூடு ஏறினால் சுமார் 9 மில்லிமீட்டர் விரிகிறது. அந்தச் சூட்டோடு சக்கரத்தில் மாட்டி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினால் பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

கேஸ் டர்பைனிலும் இதே கதைதான். உள்ளே சக்கரம் போல ரோட்டார். அதன் விளிம்பில் பிளேடுகள். சுற்றிலும் பட்டை போலக் கேசிங். ஒரே ஒரு வித்தியாசம். வண்டிச் சக்கரத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. டர்பைனில் பிளேடு நுனிக்கும் கூட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதிகமானால் சூடான வாயு பிளேடைத் தள்ளாமல் அந்தச் சந்து வழியே ஓடிவிடும், எரிபொருள் வீண். குறைந்தால் பிளேடு கூட்டில் உரசும். ஒரு பெரிய விமான எஞ்சினின் உயர் அழுத்த டர்பைனில் கால் மில்லிமீட்டர் இடைவெளியைக் குறைத்தால், எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சமாகும் என்கிறார்கள். வருஷம் முழுக்கப் பறக்கிற விமானத்துக்கு அது சின்னக் காசல்ல.

அந்தக் கால் மில்லிமீட்டரை எப்படிப் பிடிப்பது? கூட்டைக் குளிர வைத்துத்தான். விமானம் கிளம்பும்போது ரோட்டார் வேகமெடுத்துச் சட்டென்று நீளும். அப்போது கூட்டுக்குக் குளிர்காற்று கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உரசும். மேலே போய் ஒரே வேகத்தில் பறக்கும்போது, கூட்டைச் சுற்றியுள்ள பொடித்துளைக் குழாய்கள் வழியாகக் காற்றைப் பீய்ச்சுவார்கள். 700 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நிக்கல் உலோகக் கூடு 100 டிகிரி குளிர்ந்தால் குறுக்களவில் சுமார் 1 மில்லிமீட்டர் சுருங்கும். அதாவது ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர். பட்டறையில் தண்ணீர் ஊற்றிய அதே வேலை. இங்கே குடத்துக்குப் பதில் வால்வு, பட்டறைக்காரர் கண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர்.

போர் விமான எஞ்சினில் இன்னொரு தொல்லை உண்டு. எஞ்சின் விமானத்தின் உடம்புக்குள்ளேயே இருப்பதால் வெளிக்கூட்டின் சூடு பக்கத்தில் உள்ளவற்றைச் சுட்டுவிடக் கூடாது. அதனால் முன்விசிறிக் காற்றில் ஒரு பங்கை நடு எஞ்சினைச் சுற்றி ஒரு சட்டை போல ஓட விடுகிறார்கள். பெங்களூரில் உள்ள ஜி.டி.ஆர்.இ. உருவாக்கிய காவேரி எஞ்சினும் இந்த வகைதான். 1989-இல் அனுமதி பெற்ற திட்டம். 1996-இல் முழு எஞ்சின் ஓடத் தொடங்கியது. தேஜஸ் விமானத்துக்கென்று எண்ணியது, 2008-இல் அதிலிருந்து பிரிக்கப்பட்டது. 2010-இல் ரஷ்யாவில் ஐ.எல்.-76 விமானத்தில் மாட்டிப் பறக்க விட்டுச் சோதித்தார்கள். இன்றும் தேஜஸ் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. "இத்தனை வருஷமாச்சே" என்று கேலி பேசுவது சுலபம். உலோகம் உருகுகிற சூட்டைவிட அதிகச் சூட்டில் வாயு ஓட, அதற்குள் பிளேடும் கூடும் மில்லிமீட்டர் கணக்கில் விலகி நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால், கேலி கொஞ்சம் குறையும்.

இனி என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கேஸ் டர்பைன் மின் நிலையத்தில் ஷிப்டு எஞ்சினியராக இருந்தேன். பேர் வேண்டாம். ஒரு நாள் ராத்திரி மிஷின் டிரிப் ஆனது. உள்ளே போய்ப் பழுது பார்க்க அவசரம். "கீழ்க்கதவைத் திறந்து விசிறியைப் போடுங்க, சீக்கிரம் ஆறட்டும்" என்றேன். வயதான ஃபிட்டர் ஒருவர் தயங்கினார்.

"சார், பட்டை போடும்போது ஒரு பக்கமா மட்டும் தண்ணி ஊத்துவாங்களா? கோணிக்கும் சார்."

நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா! கூட்டின் கீழ்ப்பாதி வேகமாக ஆறியது. மேல்பாதி சூடாகவே இருந்தது. சூடான பக்கம் நீளமாக இருக்கும். கூடு பூனை முதுகு போல மேலே வளைந்தது. கீழே இருந்த இடைவெளி போயிற்று. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த ரோட்டாரிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோது பிளேடு நுனிகள் தேய்ந்திருந்தன. அந்த மிஷின் அதற்கப்புறம் பழைய லோடைக் கொடுக்கவே இல்லை.

லாக் புத்தகத்தில் என்ன எழுதுவது? "காரணம் தெரியவில்லை" என்று எழுதினால் தப்பிக்கலாம். பழி ஃபிட்டர் மேல் விழும். அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் "என் உத்தரவின்படி கீழ்க்கதவு திறக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெமோ வந்தது; இன்க்ரிமென்ட் ஒன்று நின்றது. ஆனால் மறுநாள் அந்தப் பெரியவர் தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். பிறகு நான் கற்ற தொழிலில் பாதி அவர் சொல்லித் தந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, சூத்திரத்தைப் படியுங்கள், நிச்சயமாகப் படியுங்கள். ஆனால் சூத்திரம் தெரியாமலே அதைக் கையால் அறிந்தவர்கள் பட்டறையில் இருப்பார்கள். அவர் தயங்கினால் நீங்கள் நில்லுங்கள். தப்பு செய்தால் உங்கள் பேரிலேயே எழுதுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சூடாக இருக்கும், அவசரப்பட்டு ஆற வைக்காதீர்கள்!