அமைதியைப் பாடமாக்க முடியுமா?



கல்வியால் உலக அமைதியை உருவாக்க முடியுமா என்பது இன்றைய தலைப்பு. முடியும் என்பது என் கட்சி. ஆனால் பாடநூலில் அமைதி பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்துவிட்டால் மட்டும் அது வந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1945ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, சிங்கப்பூர் நகர மண்டபத்தில் ஜப்பானியப் படைகளின் சரணாகதியை ஏற்றுக்கொண்டவர் மவுண்ட்பேட்டன் பிரபு. போரின் கொடுமையை நேரில் கண்ட அதே மனிதர், பின்னாளில் பல நாட்டுப் பிள்ளைகளை ஒன்றாகத் தங்கிப் படிக்க வைக்கும் ஓர் இயக்கத்துக்குத் தலைவரானார். யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ், அதாவது ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்பது அதன் பெயர்.

இந்த எண்ணத்தை விதைத்தவர் கர்ட் ஹான் என்ற ஆசிரியர். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1933இல் சிறை சென்று, பிறகு பிரிட்டனில் தஞ்சம் புகுந்தவர். 1955இல் அவர் நேட்டோ தற்காப்புக் கல்லூரிக்குச் சென்றார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாடுகளின் அதிகாரிகள் அங்கே ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். போர் செய்தவர்களுக்கே இது கைகூடுமானால், மனத்தில் வெறுப்பு வேரூன்றாத பிள்ளைகளுக்கு ஏன் கைகூடாது என்று அவர் எண்ணினார். 1962இல் வேல்ஸ் கடலோரத்தில், ஒரு பழைய கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி பிறந்தது.

அங்கே பிள்ளைகள் வெறும் பாடம் மட்டும் படிக்கவில்லை. கடலில் தத்தளிப்போரைக் காப்பாற்றும் பணியும் அவர்களுடையதாக இருந்தது. அதற்காக முதல்வர் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் சேர்ந்து, காற்றடைத்த பக்கங்களும் உறுதியான அடித்தட்டும் கொண்ட ஒரு புதுவகைப் படகை உருவாக்கினார்கள். அதன் உரிமையைப் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு 1 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அலை புரட்டும்போது, பக்கத்தில் இருப்பவன் எந்த நாட்டான் என்று யார் கேட்பார்? அவன் கயிற்றைச் சரியாகப் பிடித்திருக்கிறானா என்றுதான் கேட்போம். அமைதியைக் கற்கும் வழி இதுதான்.

1990களில் போரால் பிளவுபட்ட போஸ்னியாவின் மோஸ்டார் நகரத்திலும் 2006இல் இவ்வியக்கம் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. போரில் எதிரெதிராய் நின்றவர்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படித்தார்கள்.

இதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். உண்மையும் இருக்கிறது. 1971இல் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்த பள்ளிதான் பிறகு நம் டோவர் வட்டாரத்து ஐக்கிய உலகக் கல்லூரியாயிற்று. அங்கே கட்டணம் அதிகம். சிங்கப்பூர்க் குடிமக்கள் சேரக் கல்வி அமைச்சின் அனுமதியும் வேண்டும். ஆயினும், 150க்கு மேற்பட்ட நாடுகளில் இவ்வியக்கத்தின் குழுக்கள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பலர் உதவிநிதியில் படிக்கிறார்கள் என்பதையும் நண்பர் சொல்லியிருக்கலாம்.

அது போகட்டும். நமக்கு அந்தக் கட்டடம் தேவையா? நம் பிள்ளைகளின் பள்ளியிலேயே சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலையை எட்டிப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசை, மற்றவர்கள் வேறு மேசை. நான் படித்த காலத்திலும் அப்படித்தான் உட்கார்ந்தேன். குற்றம் பிள்ளைகள்மீது மட்டுமா? இரவு உணவின்போது பிற இனத்தாரைப் பற்றி நாம் கேலியாகச் சொல்லும் ஒரு சொல், மறுநாள் அந்த மேசையைப் பிரித்துவிடுகிறது.

கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்குகிறோம். அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரியுமா நமக்கு?

பெற்றோர்களே, இணைப்பாட நடவடிக்கை முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, எத்தனை புள்ளி கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று யாரோடு சேர்ந்து வேலை செய்தாய், அவன் வீட்டுக்கு வருவானா என்றும் கேளுங்கள். வந்தால் ஒரு வாய் சோறு போடுங்கள். கர்ட் ஹானுக்குக் கோட்டை கிடைத்தது; நமக்குச் சாப்பாட்டு மேசை போதும்.