சத்தமும் அமைதியும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பயிற்சி முடித்து முதலாம் ஆண்டு வகுப்பை ஏற்றபோது, அமைதிக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பிரம்பால் மேசையை ஓங்கித் தட்டி, "பேசாம இருங்க!" என்று கத்துவேன். வகுப்பிலேயே பெரிய சத்தம் என்னுடையதுதான்! இரண்டு நிமிடம் அடங்குவார்கள். பிறகு பழையபடி சந்தைதான்.

பின்னர் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்தேன். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கியவர் அவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் அமைதியை ஒரு விளையாட்டாகவே கற்பித்தார். பிள்ளைகள் அசையாமல் உட்கார வேண்டும். ஆசிரியர் அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். பெயர் கேட்டவர் சத்தமின்றி எழுந்து வர வேண்டும்.

நானும் செய்து பார்த்தேன். முதல் நாள் ஒரே சிரிப்பு. சில நாளில், "டீச்சர், செம்பனை ஓலை ஆடுறது கேக்குது!" என்றாள் ஒரு சிறுமி. அடித்து வராத அமைதி, கேட்கும் ஆசையால் வந்தது.

ஆனால் ஒரு பையன் மட்டும் எழுந்து வரவில்லை. மூன்று முறை அழைத்தேன். மற்றவர் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடிவாதக்காரன் என்று அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பியவள் நான். தாயாரிடம் சொன்னேன். "காது நல்லாத்தான் கேக்கும் டீச்சர். சொன்ன பேச்சுதான் கேக்க மாட்டான்" என்றார். நானும் அப்படித்தானே எண்ணியிருந்தேன்!

மருத்துவர் பார்த்தபோது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. சளிக்குப் பிறகு சிறுவர்களுக்கு இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் தானே வற்றிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். பல வேளைகளில் வலி இராது. அதனால் பிள்ளையும் சொல்லத் தெரியாமல் இருந்துவிடும்.

பெற்றோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். பிள்ளைக்குத் தெரியாமல் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். பலமுறை திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் எண்ணெய் ஊற்றுவது, ஊக்கு, கோழியிறகு விடுவது வேண்டாம். தொலைக்காட்சியையும் ஒலிபெருக்கியையும் அளவோடு வையுங்கள். பெருஞ்சத்தத்தால் உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கன்று பட்டால் மறுநடவு உண்டு, காதுக்கு இல்லை.

மாணவர்களே! நம் கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி காட்டுபவர்கள் இயந்திரமின்றித் துடுப்புப் போட்டே படகு விடுகிறார்கள். இருட்டில் வாய் பேசாமல் இருந்தால், ஆற்றோர மரங்களில் ஆயிரம் ஆயிரமாய் ஒன்றாக மின்னுவதைக் காணலாம். அமைதி தண்டனை அல்ல என்பதை அங்கே உணர்வீர்கள்.

அந்தப் பையன் இப்போது முன் வரிசையில் இருக்கிறான். இன்றைய பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆனாலும் மெல்லக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். எனக்கு அது போதும்.