யார் எழுதிய துண்டு?



நாம் இன்று நினைவுகூரும் ஆசிரியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சம்பள நாளன்று மாலையில் தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் பலகை போட்டு உட்காருவார். வாசிக்கத் தெரியாத அம்மாமார் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். எத்தனை பேர், அதாவது முழுநாள் வேலை, விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர் என்று முதலில் சொல்வார். பிறகு பிடித்தங்களுக்கு வருவார். சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இது நீ வாங்குனதா?"

அரசின் செலவுக்கும் அதிகாரத்துக்கும் எல்லை வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். நான் சொல்லப்போவது அத்தனையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1. பழைய துண்டு

நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு முறை இருந்தது. ஓர் ஆள் தோட்டம் மாறினால், அவன் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டும் கூடவே போகும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் அவனுக்கு விடுதலை. கடன் கங்காணியின் கணக்கில் வளர்ந்தது. சுமந்தவன் கொழுந்துக் காட்டில் நின்றான். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஒருவன் பெயரில் இன்னொருவன் கடன் எழுதும் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சட்டம் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

2. புதிய துண்டு

இன்று நம் பெயரில் கடன் எழுதுவது அரசு. இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது. நடந்தது என்ன? 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரிச் சலுகைகள் 2020 ஜனவரி முதலே நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கான சட்டத் திருத்தம் 2021 மே மாதத்தில்தான் வந்தது. வருமானம் முதலில் போனது, சட்டம் பின்னால் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி மூலம் நிறுத்தப்பட்டது. அதன் விளைவைப் புள்ளிவிவரம் பார்த்து அறிய வேண்டிய நிலையில் நாம் இல்லை. உரமில்லாத மலையில் கொழுந்து எப்படி வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. பணத்தை அச்சிட்டுச் செலவு செய்வதும் ஒரு வரிதான். அது கோதுமை மாவின் விலையாக, நாட்கூலி வாங்குபவரிடம் முதலில் வந்து நிற்கும்.

2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் ஏற்றது. வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியோ பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்கியது. அவற்றின் வட்டி 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9. மறுத்தால் கூடுதல் வரி காத்திருந்தது. நம் சம்பளத்தில் பிடிக்கும் 8 சதவீதமும் தோட்டம் போடும் 12 சதவீதமும் சேர்வது அந்த நிதியில்தான். கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் வயதில் கையில் வரவேண்டிய காசு அது. ஆசிரியர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்: இது நீ வாங்குனதா?

3. இழுபட்ட வேலி

நம்மிடம் எல்லையே இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம், வரவு செலவுப் பற்றாக்குறையை 2006க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும், அரச கடனை 2013க்குள் 60 சதவீதத்துக்கும் இறக்கச் சொன்னது. காலக்கெடு தள்ளிப் போடப்பட்டது. அரசு கொடுக்கும் கடன் உத்தரவாதத்துக்கான எல்லை 4.5 சதவீதத்திலிருந்து 7, பிறகு 10, 2021இல் 15 என ஏறியது. கடன் 100 சதவீதத்தைத் தாண்டியது. மீறியவருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைத்திருக்கவில்லை. மாட்டின் வசதிக்கு வேலியை நகர்த்திக்கொண்டே போனால் பயிர் மிஞ்சுமா?

அரசியலமைப்பிலும் இதே கதை. 2015இல் 19ஆம் திருத்தம் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் தேசிய கொள்முதல் ஆணைக்குழுவையும் உருவாக்கியது. 2020இல் 20ஆம் திருத்தம் இரண்டையும் நீக்கியது. 2022இல் 21ஆம் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது.

நெருக்கடிக்குப் பின் நல்ல அடிகள் சில வைக்கப்பட்டுள்ளன. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசிடம் நேரடியாக முறிகளை வாங்கிப் பணம் கொடுப்பதைப் பொதுவில் தடுக்கிறது. 2024ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதம் என்றும், உத்தரவாதத்துக்கு 7.5 சதவீதம் என்றும் எல்லை போட்டுள்ளது. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், பொருளாதாரச் சரிவில் அன்றைய தலைவர்கள் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது.

4. எதற்கு எல்லை?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரசு அதிகமாகச் செலவழித்தது என்று சொல்லும்போது, தோட்டத்துப் பிள்ளைக்கா அதிகமாகச் செலவழித்தது? 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டமே தடையாக இருந்தது. மீரியபெத்தைத் தோட்டத்து மலை சரியக்கூடும் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தும், 2014 ஒக்டோபர் 29 காலையில் சரிந்தபோது லயங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. ஆகவே 13 சதவீதத்தைக் காட்டி லயத்துக்கு வீடும் பள்ளிக்கு ஆசிரியரும் இல்லை என்று சொன்னால், அதை நாம் ஏற்க முடியாது. எல்லை கையெழுத்திடும் கைக்கு வேண்டும். அரசின் கடமைக்கு வேண்டாம்.

அதனால் நான்கு கோரிக்கைகள். முதலாவது, கடன், உத்தரவாத எல்லைகளை அரசியலமைப்பில் எழுதி, மூன்றில் இரண்டு பங்கு வாக்கின்றி மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்து மக்கள் 2001இல் கடன் கட்டுப்பாட்டைத் தங்கள் வாக்காலேயே அரசியலமைப்பில் ஏற்றினார்கள். இரண்டாவது, பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகம் இழப்பைக் கணக்கிட்டு வெளியிடாமல் எந்த வரிச் சலுகையும் நடைமுறைக்கு வரக் கூடாது. மூன்றாவது, சேமலாப நிதியின் முதலீட்டை முடிவு செய்யும் மேசையில் அங்கத்தவரின் பிரதிநிதிகள் அமர வேண்டும். நான்காவது, அதிகாரம் கொழும்பில் குவியாதிருக்க மாகாண சபை வேண்டும். நம் ஊவா மாகாண மக்கள் அதற்குக் கடைசியாக வாக்களித்தது 2014 செப்டெம்பரில். 2019இல் அதன் ஆயுள் முடிந்தபின் மாகாண நிர்வாகம் ஆளுநரிடம் போனது.

இவை கொழும்பில் படித்தவர்கள் பேசும் விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். மாணவச் செல்வங்களே, நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வரும்போது அதன் தமிழ்ப் பிரதியை எடுத்து வையுங்கள். சம்பள நாள் மாலையில் லயத்து வாசலில் பலகை போட்டு, உங்கள் அம்மாவின் சம்பளச் சீட்டை வாசித்த கையோடு அதையும் வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் விரல் வைத்து, ஆசிரியர் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்.