எதிரொலி எங்கே நின்றது?



ஐம்பது மீட்டர் தொலைவிலுள்ள பாறையை நோக்கி ஒருவன் கைதட்டினால், அவ்வொலி சென்று மீள ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும். அந்தப் பாறையையும் அதன் முன்னுள்ள வெளியையும் ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கினாற்போன்ற கருவி ஒன்று உண்டு. கித்தார் வாசிப்போர் காலால் மிதித்து இயக்கும் ‘அனலாக் டிலே பெடல்’ அது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் செய்யப்பெற்ற அத்தகைய கருவிகளை இசைக் கலைஞர் இன்றும் தேடி வாங்குகின்றனர். அது பழுதுற்றால் பிழையைக் கண்டறிவது எங்ஙனம்? அதுவே இன்றைய பேச்சு.

முதலில் அதன் உள்ளமைப்பை அறிவோம். 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்னும் இருவர் ‘வாளி வரிசை’ என்ற அமைப்பை உருவாக்கினர். வீடு தீப்பற்றினால் கிணற்றடி முதல் வீட்டு வாயில்வரை மக்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றுவர் அல்லவா? அதுபோலவே, சிறு மின்தேக்கிகள் வரிசையாய் நின்று மின்னேற்றத்தை அடுத்ததற்குக் கொடுக்கின்றன. எப்போது கைமாற்றுவது என்று தாளம் போடுவது ‘கிளாக்’ எனப்படும் துடிப்புச் சுற்று. ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம் செய்த எம்.என். 3005 என்ற சில்லில் 4,096 படிகள் இருந்தன. படிகளின் எண்ணிக்கையைத் துடிப்பின் அதிர்வெண்ணைப்போல் இருமடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். வினாடிக்கு ஏறத்தாழ 6,800 துடிப்பாயின் தாமதம் 0.3 வினாடி.

இனி, என் பிழை ஒன்றைச் சொல்லுகிறேன். கல்லூரி விழாவில் வாசிக்கவிருந்த மாணவர் ஒருவர் இத்தகைய பழம்பெட்டி ஒன்றை என்னிடம் கொணர்ந்தார். அது அவர் தமையனாரின் உடைமை. நேரொலி தெளிவாகக் கேட்டது. எதிரொலி மட்டும் இல்லை. “எதிரொலியைத் தருவது சில்லு; ஆகவே சில்லே பழுது” என்று கணத்தில் தீர்ப்பளித்துவிட்டேன். அதைக் கழற்றும்போது சூட்டினால் பலகையின் செப்புத் தடம் பெயர்ந்தது. சில்லின் கால் ஒன்றும் ஒடிந்தது. புதிய சில்லைப் பொருத்திய பின்னும் எதிரொலி வரவில்லை. விழாவும் முடிந்துபோயிற்று. பிறகு அமைதியாக ஆராய்ந்தபோது, சார்பு மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் சிறு திருகில் அழுக்கேறித் தொடர்பு விட்டிருந்தது தெரிந்தது. அதைத் துடைத்துத் திருப்பியதும் எதிரொலி எழுந்தது. குற்றமற்றதைத் தண்டித்த பின்னரே நான் விசாரணையைத் தொடங்கியிருந்தேன்!

விசாரணை செல்லவேண்டிய முறை யாது? நேரொலியும் எதிரொலியும் இரண்டுமே இல்லையாயின், மின்கலம், செருகி, மிதி விசை, கம்பி இவற்றை முதலில் பார்க்கவேண்டும். நேரொலி மட்டும் வருமாயின், மின்சாரமும் பொதுவழியும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. தாமதப் பாதையில்தான் தடை. எதிரொலி ஒரே முறை மட்டும் ஒலித்து நின்றுவிடுமாயின், வெளிவந்த ஒலியை மீண்டும் உள்ளே அனுப்பும் பாதையை ஆராய்க. நீண்ட தாமதத்தில் மெல்லிய சீழ்க்கை கேட்குமாயின், துடிப்பின் ஒலி கசிகிறது என்று பொருள். 6,800 அதிர்வு நம் செவிக்கு எட்டுவதே அன்றோ?

தடை எந்த இடத்தில் என்பதைக் காண எளிய துணை ஒன்றுண்டு. ஒரு கம்பியின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்து, மறுமுனையை ஒலிபெருக்கியில் செருகுக. இரண்டின் தரைக் கம்பிகளையும் சேர்த்திடுக. கித்தாரை மீட்டிக்கொண்டே சுற்றின் வழிநெடுகத் தொட்டுச் செல்லலாம். ஒலி கடைசியாகக் கேட்ட இடத்திற்கும் கேளாத முதல் இடத்திற்கும் இடையே பிழை ஒளிந்திருக்கிறது. சில்லுக்குள் ஒலி புகுந்து வெளிவரவில்லையாயினும் உடனே அதன்மேல் பழி சுமத்தலாகாது. உரிய மின்னழுத்தம் வருகிறதா? துடிப்பு உண்டா? சார்பு மின்னழுத்தம் சரியா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்த பிறகே சில்லை ஐயுறுக. பல ஆண்டு கழிந்த மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்துபோவதும் வழக்கம், அவற்றையும் மறவாதீர். வீட்டு மின்சாரம் நேரே உட்செல்லும் பெட்டிகளாயின், செருகியைப் பிடுங்காமல் திறக்கவே கூடாது.

அந்த மாணவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெயர்ந்த தடத்திற்குக் கம்பி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். எதிரொலி முன்போலவே கேட்கிறது. ஆனால் விழா நாளை நான் எங்ஙனம் திருப்பித் தருவேன்? விலையுயர்ந்த உறுப்பு முதலில் நம் கண்ணில் படும். ஆயினும் பிழை, மதிப்பைப் பார்த்துக் குடியேறுவதில்லை. கருவியை எடுக்குமுன் கேள்வியை எடுங்கள். கேள்வி முடிந்த இடத்தில் கையை வையுங்கள்.