கண்புரை: "முற்றட்டும்" என்று காத்திருக்க வேண்டாம்

(நம் பங்கின் முதியோர் கூட்டத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை, மலர்க் குழுவினரின் விருப்பத்திற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



ஜூபிலி ஆண்டில் ஞானக் காரியங்களை விட்டுவிட்டுக் கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே சாமியார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. நற்கருணை வழங்கும்போது என் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல், குரலை மட்டும் வைத்து முகத்தைத் திருப்புகிற பெரியவர்கள் இந்தப் பங்கில் இருக்கிறீர்கள். கேட்டால், "வயசாயிடுச்சு சாமி, அவ்வளவுதான்" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான் என்று யார் சொன்னது? உங்களுக்கு இருப்பது கண்புரையானால், அது பெரும்பாலும் திரும்பப் பெறக்கூடிய பார்வை.

தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவதை ஆண்டுதோறும் காணும் ஊர் நம் வடலூர். கண்புரையையும் கண்மேல் விழுந்த ஒரு திரை என்றே பலர் எண்ணுகிறார்கள். "சதை வளர்ந்திருக்கிறது, உரித்துவிட்டால் போதும்" என்பார்கள். தோபித்து ஆகமத்தில் மகன் வந்து தந்தையின் கண்ணிலிருந்து வெண்படலத்தை உரித்தெடுத்த செய்தியும் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் புரை என்பது சதையுமன்று, படலமுமன்று. கருவிழிக்குப் பின்னால், கண்ணுக்குள்ளே, ஒளியைக் குவிக்கும் வில்லை ஒன்று இருக்கிறது. பளிங்குபோல் இருக்கவேண்டிய அந்த வில்லையே, முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதுபோல, வயதாக ஆக மங்கி வெளுத்துப்போகிறது. ஆகையால் வெளியிலிருந்து விடும் எந்த மருந்தும் அதைக் கரைக்காது. நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணில் கிருமியைச் சேர்க்கலாமேயன்றிப் புரையை நீக்கமாட்டா. தோபித்துகூட முதலில் வைத்தியர்கள் தந்த மருந்தைப் பூசிப் பூசி, இருந்த பார்வையையும் இழந்ததாகத்தான் அந்நூல் கூறுகிறது. அந்தப் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம்!

இனி முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். "புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். இது மூடநம்பிக்கையன்று, ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்ன ஆலோசனைதான். அக்காலத்தில் வில்லையை அப்படியே வெளியே எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக சோடா புட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுப்பார்கள். அதன் வழியே பார்த்தால் எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணில் பெரிதாகவும் மறு கண்ணில் சாதாரணமாகவும் தெரிந்தால் மனிதன் படியில் கால் வைக்க முடியுமா? ஆகவே நன்றாக மறையும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள்.

அந்நிலை மாறிவிட்டது. 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர், போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்திருந்த விமானக் கண்ணாடிச் சில்லுகள் கெடுதல் செய்யாமல் தங்கியிருந்ததைக் கவனித்து, அதே வகைப் பொருளில் வில்லை செய்து முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார். பல ஆண்டுகள் அது பணக்கார நாடுகளின் வைத்தியமாகவே இருந்தது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் நிறுவனம் வில்லைகளை மலிவாகத் தயாரிக்கத் தொடங்கியபின் ஏழைக்கும் எட்டியது. அந்த மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைக்கொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார்.

ஆகவே இன்று முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலானால் அதுவே தக்க நேரம். காத்திருப்பதில் ஆபத்தும் உண்டு. நம் கிளைக் கிராமம் ஒன்றில் முந்திரி உடைக்கும் ஒரு தாய், பேத்தியின் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு நாள் அந்தக் கண் சிவந்து, தலை பிளக்கும் வலியும் வாந்தியும் வந்தன. அளவுக்குமீறி முற்றிய புரை கசிந்து, கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிட்டது. டாக்டர்கள் புரையை எடுத்தார்கள், வலியும் நின்றது. ஆனால் நரம்பு கெட்டுவிட்டபடியால் பார்வை திரும்பவில்லை. முன்பே போயிருந்தால் அரை மணி நேரம்கூடப் பிடிக்காத வேலை.

ஆம், வேலை அவ்வளவு சிறியதுதான். பொதுவாக மயக்கம் கொடுப்பதில்லை. ஊசியாலோ சொட்டு மருந்தாலோ கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். சிறு திறப்பின் வழியே மங்கிய வில்லையை எடுத்து, புதியதை வைக்கிறார்கள். பெரும்பாலும் தையல்கூட இல்லை. "லேசர் வைத்து எடுக்கிறார்கள்" என்று பலர் சொல்வது பெரும்பாலும் ஒலி அலையால் வில்லையை உடைத்து உறிஞ்சும் முறையைத்தான். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முன்னதாகக் கட்டுக்குள் இருக்கவேண்டும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க உண்பவற்றையும், ஆண்கள் சிறுநீர்த் தடைக்கு உண்பவற்றையும் மறைக்கவேண்டாம். பின்னவை கண்பாவையை விரியவிடாமல் டாக்டருக்குச் சிரமம் தரும்.

எல்லா மங்கலும் புரையன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால், புதிய வில்லை மட்டும் முழுப் பார்வையைத் தராது. எவ்வளவு பார்வை கிடைக்கும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஜெபப் புத்தகம் படிக்கப் பின்னரும் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படலாம்; அது தோல்வியன்று. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி மங்கினால், "புரை திரும்ப வளர்ந்தது" என்று பயப்படாதீர்கள். வில்லைக்குப் பின்னுள்ள பை மங்குவது அது. அதை லேசர் கதிரால் சில நிமிடங்களில் சரிசெய்வார்கள்.

சிகிச்சைக்குப் பின்னர்தான் நம் மக்கள் அசட்டையாக இருக்கிறார்கள். சொட்டு மருந்தை டாக்டர் குறித்த நாள்வரை, சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விடவேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது. அனுமதி கிடைக்கும்வரை தலைக்கு ஊற்றிக்கொள்ளவும், தண்ணீர்க் குடம் தூக்கவும், விறகடுப்புப் புகையில் உட்காரவும் வேண்டாம். சாப்பாட்டில் பத்தியம் ஒன்றுமில்லை, மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரைக்காரர்கள் மட்டும் தங்கள் கட்டுப்பாட்டை விடக்கூடாது. வலியோ சிவப்போ கூடினால், பார்வை குறைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். ஞாயிறு என்று திங்கள்வரை பொறுக்காதீர்கள். பூசையைக்கூட விட்டுவிட்டுப் போங்கள், சாமியார் நானே சொல்கிறேன்.

செலவுக்குப் பயந்தும் நிற்கவேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் மருத்துவமனை இயங்குகிறது. ஏழைகளுக்கு அங்கும் இலவசப் பிரிவு உண்டு. "கூட வர ஆள் இல்லை" என்பதுதான் பல தாய்மார்கள் சொல்லும் உண்மையான தடை. மகனுக்கு நெய்வேலியில் ஷிப்டு, மருமகளுக்குக் கைக்குழந்தை. இதற்காக வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் குழுவினரும் இருவர் இருவராகத் துணைக்கு வர இசைந்திருக்கிறார்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்தில் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும், ஆதார் அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள்.