சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்
(கிளைக் கூட்டத்தில் பேசியது)



பால் வெட்டும் கைகளுக்கு மணிக்கட்டு வலி புதிதல்ல. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். நம் லயத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்கு 12 வயதில் மணிக்கட்டு வளைந்தபோது, சுளுக்கென்று ஒரு வருஷம் எண்ணெய் தேய்த்தோம். கிராணிமார் நாங்களும்தான், பேனா பிடித்தால் அறிவு கூடிவிடுமா?

அது மடெலுங் குறை. 1878-ல் ஜெர்மன் வைத்தியர் ஒட்டோ மடெலுங் அதைப்பற்றி எழுதினார். முன்கையில் பெருவிரல் பக்கத்து எலும்பின் நுனி ஒருபுறம் சரியாக வளராது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு புறங்கையில் புடைத்து நிற்கும். பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு, 8 முதல் 14 வயதுக்குள் வெளிப்படும்.

எக்ஸ்ரே இல்லாத தோட்டத்து மருந்தகத்திலும் சந்தேகம் கொள்ளலாம். கீழே விழுந்தாளா என்று கேளுங்கள். பழைய எலும்பு முறிவும் இப்படிக் காட்டும். இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பல பேருக்கு இரண்டிலும் இருக்கும். புடைப்பை அழுத்தினால் அமுங்கி எழும். உள்ளங்கையை மேலே திருப்பச் சிரமப்படுவாள். தாயின் கையையும் பாருங்கள், வம்சத்தில் வருவதுண்டு.

உறுதி சொல்வது எக்ஸ்ரேதான். வலியில்லாவிட்டால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். வலியிருந்தால், எலும்பு வளர்ந்து முடியுமுன் போவது நல்லது. அப்போது சிறிய சிகிச்சைக்கு வழியுண்டு. ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் வண்டியும், பெற்றோருக்குச் சம்பளத்துடன் ஒருநாள் லீவும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது வயது 15.