பெயர் சொல்லும் நேரம்

சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருந்தும், அதன் முதல் ஒலி திரும்பத் திரும்ப வருவதோ, நீள்வதோ, தொண்டையில் அடைபட்டு நிற்பதோ திக்குதல் எனப்படுகிறது. பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பலருக்கு மிகக் கடினமான சொல் தம் சொந்தப் பெயரே, ஏனெனில் அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் ஊக்குவிக்கும் தன்னுதவிக் குழுக்களில், அதாவது திக்குவோரே கூடி நடத்தும் கூட்டங்களில், ஒருவர் தம் பெயரின் முதலெழுத்தில் நின்றுவிட்டால் மற்றவர்கள் அதை முடித்துக் கொடுக்காமல் காத்திருப்பதே மரபு. வேண்டுமென்றே திக்கிப் பேசும் பயிற்சியும், கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், அச்சத்தைத் தணிக்கவே மேற்கொள்ளப்படுகிறது. சேர விரும்புவோர் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அருகிலுள்ள குழுவைக் கேட்டறியலாம். முதல் நாள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் பொதுவாக அங்கே இடமுண்டு.